யார்க்‌ஷயருக்கு ஒரு கொல்லிமலைப் பங்காளி

இங்கிலாந்தில் யாருக்கு யார் சித்தப்பா என்று சந்தேகம் வந்தால் லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. கொல்லிமலைச் செம்மேட்டில் இறங்கி மிளகுக்காரரைக் கேட்டால் போதும்.

நான் அங்கே வாத்தியாராக இருந்தபோது அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். மிளகு வாங்கி விற்பது அவர் தொழில். யார்க்‌ஷயரிலிருந்து மார்கரெட் என்றொரு அம்மையார், தன் கொள்ளுத்தாத்தாவின் தம்பி கொல்லிமலைக்குக் காப்பி பயிரிட வந்து காய்ச்சலில் இறந்தார், கல்லறை எங்கே என்று இணையத்தில் கேட்டிருந்தார். ‘தேடிருவோமுங்க’ என்று மிளகுக்காரர் பதில் போட்டார். உடனே, யார்க்‌ஷயர் முன்னோர்களைத் தேடுகிறவர்களின் குழுவில் இவரையும் சேர்த்துவிட்டார்கள். வினை அங்கே ஆரம்பித்தது.

இவர் தமிழில் பேசுவார். போன் அதை இங்கிலீஷில் எழுதும். எல்லாரையும் ‘கண்ணு’ என்பார். போனும் அதை வெறும் கண்ணாகவே மாற்றியது. குழுவில் பாதிப் பேர் அவரைக் கண் டாக்டர் என்று நம்பினார்கள். ஒருவர் தன் கண்புரைக்கு மருந்தே கேட்டுவிட்டார்.

குழுவில் ஒரு அண்ணன் வகையறாவும் தம்பி வகையறாவும், பூட்டன் காலத்து மாவு மில்லுக்காக இன்னும் முறைத்துக்கொண்டிருந்தார்கள். மிளகுக்காரர் விடவில்லை. “மில்லே இடிஞ்சு போச்சு. இனி என்ன சாமி வீம்பு? வர்ற கிறிஸ்துமஸுக்கு ஒரே ஊட்ல சோறு தின்னு போட்டோ அனுப்போணும்!” என்றார்.

போட்டோ வந்தது. கடையில் மாட்டிவைத்தார்.

பிறகு மார்கரெட் அம்மாவே வந்து இறங்கினார். எண்பதை நெருங்கும் வயது, முழங்கால் வலி. இன்னொரு முறை வர முடியாது. மலையில் ஒவ்வொரு ஊர்ப்பகுதியையும் நாடு என்பார்கள். வளப்பூர் நாடு முழுக்க ஜீப்பில் அலைந்தோம். கல்லறை கிடைக்கவில்லை. டிரைவர் மெதுவாக, “ஏனுங்க, ஏதாச்சும் பழைய கல்லக் காட்டிருங்க. அந்தம்மா கும்பிட்டுட்டுப் போயிரும்” என்றார்.

மிளகுக்காரருக்கு முகம் சிவந்தது. “அடுத்தவன் பாட்டனுக்கு அவங்க ஏன்டா அழுவோணும்?”

அந்தம்மா ஊர் திரும்புவதற்கு முதல் நாள், எடப்புளி நாட்டில் மரவள்ளிக் காட்டோரம் ஒரு பலா மரத்தடியில் பாதி புதைந்த கல்லொன்று கிடைத்தது. “ஆடு கட்டுற கல்லுங்க அது” என்றார் அந்த மரவள்ளிக் காட்டுக்குச் சொந்தக்காரப் பெண். தேங்காய் நாரால் தேய்க்கத் தேய்க்க எழுத்து தெரிந்தது. மார்கரெட் அம்மா விரலால் தடவித் தடவிப் பெயரைப் படித்தார். அவர் தேடிய பெயரேதான். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பிப் பார்த்தால் மிளகுக்காரரைக் காணோம். கொஞ்ச நேரத்தில், மொட்டைத் தலையும் வெள்ளை வேட்டியுமாக வந்து நின்றார்.

“ஏன்?” என்று மார்கரெட் அம்மா கேட்டதை நான் தமிழில் சொன்னேன்.

“அன்னைக்கு அவருக்குன்னு மொட்டை போட இங்க யாரும் இருந்திருக்க மாட்டாங்கல்ல, கண்ணு.”

அந்தம்மா அந்த மொட்டைத் தலையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார், பிறகு அழுதார். டிரைவரும் அழுதார்.

நான் இப்போது நாமக்கல்லில் இருக்கிறேன். போன வாரம் பேசும்போது மிளகுக்காரர் இருமிக்கொண்டே இருந்தார். “ஒண்ணுமில்லீங்க சார், மழைக்காத்து” என்றார். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கே மலையேறுகிறேன்.