பாம்பே கடிக்காத ஊர்

“பாம்பு கடித்தது குற்றமில்லை. பிழைத்ததில்தான் சிக்கல்” என்றார் விசாரணை அதிகாரி மகேஸ்வரன். என் கால் அப்போதும் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அதைப் பெஞ்சுக்கு அடியில் வைக்கச் சொன்னார். கண்ணில் பட்டால் சாட்சியம் ஆகிவிடுமாம்.

நடந்தது இவ்வளவுதான். பத்தாம் வகுப்பில் கணக்கு போய்விட்டதால் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அப்பாவோடு வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். மத்தியானம் வரப்பில் விரியன் கடித்துவிட்டது. அப்பா என்னைச் சைக்கிள் கேரியரில் வைத்து எங்கள் ஊர் அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார். டாக்டர் பணியில் இருந்தார். அதாவது வருகைப் பதிவேட்டில் இருந்தார். ஆள் பாளையங்கோட்டையில் தன் சொந்த கிளினிக்கில் இருந்தார். நர்ஸ் சாரம்மாள் சிஸ்டர் அங்கே போன் போட்டுக் கேட்டார். “ஊசியப் போட்டுருங்க, நாளைக்கு வந்து கையெழுத்துப் போடுதேன்” என்றார் டாக்டர். சிஸ்டர் போட்டார். நான் பிழைத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அதற்கு முந்தின மாதம்தான் நர்சுகளையெல்லாம் திருநெல்வேலிக்குக் கூப்பிட்டு, ‘லைசென்ஸைக் காத்துக்கொள்வது எப்படி’ என்று வடை, காபியோடு ஒருநாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அதன் சாரம்: செய்ததையெல்லாம் எழுது, எழுதாதது நடக்காதது. சிஸ்டர் இதை நம்பிவிட்டார். மணி, மருந்து, அளவு, ‘டாக்டர் போனில் சொன்னபடி’ என்று ஒன்றுவிடாமல் எழுதினார். மாட்டிக்கொண்டார்.

“ஆஸ்பத்திரியில் எத்தனை தொலைபேசி?” என்று அதிகாரி கேட்டார்.

“ஒண்ணுதான் சார்” என்றார் சிஸ்டர்.

“டாக்டர் எங்கே இருந்தார்?”

சிஸ்டர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் மின்விசிறியைப் பார்த்தார்.

“பதிவேட்டின்படி இங்கேதான் இருந்தார். இருப்பது ஒரே தொலைபேசி. அதை நீங்கள் பிடித்துக்கொண்டிருந்தால் அவர் எதில் பேசியிருப்பார்? ஆகவே பேசவில்லை. ஆகவே உத்தரவு இல்லை. ஆகவே நீங்களாக ஊசி போட்டிருக்கிறீர்கள். உங்கள் பெயரைப் பதிவிலிருந்து நீக்கச் சொல்லி மெட்ராஸுக்கு எழுத வேண்டியதுதான்.”

“பாளையங்கோட்டைக்குப் பேசினதுக்கு டெலிபோன் ஆபீஸ்ல பதிவு இருக்குமே சார்.”

“அது மத்திய அரசு. நாம் மாநில அரசு. அவர்கள் பதிவை நாம் நம்பலாம் என்று அரசாணை எதுவும் வரவில்லை.”

எனக்குப் பொறுக்கவில்லை. “அவங்க போடலேன்னா நான் செத்திருப்பேன் சார்.”

“ஒரே ஒரு பக்கத்து அறிக்கையோடு முடிந்திருக்கும்” என்றார் அதிகாரி, கோபமே இல்லாமல்.

அப்போதுதான் கிளார்க் கிருபைராஜ் அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். “சார், பயலப் பாம்பே கடிக்கலைன்னா?”

அதிகாரியின் முகம் தெளிந்தது. கடி இல்லை என்றால் ஊசி இல்லை. ஊசி இல்லை என்றால் தப்பு இல்லை. லைசென்ஸ் தப்பித்தது. கணக்கில் குறைகிற மருந்துக் குப்பி கை தவறி உடைந்தது.

“ஏலே, முள்ளு குத்திச்சுன்னு எழுதிக் குடு. சோலி முடிஞ்சுது” என்றார் அண்ணாச்சி.

“பக்கத்துல பக்கத்துல ரெண்டு முள்ளா அண்ணாச்சி?”

“கருவேல முள்ளு அப்படித்தாம்லே.”

நான் சிஸ்டரைப் பார்த்தேன். அவர் காயக்கட்டுக்குப் பஞ்சு கிழித்துக்கொண்டிருந்தார். “எனக்கு இன்னும் ஏழு வருசம் சர்வீஸ் இருக்குப்பா. ஆனா பொய் எழுதுன்னு என் வாயால சொல்லமாட்டேன். பைய யோசிச்சுக்கோ” என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஃபைல் நிலுவைக்குப் போனது. “உன் கையெழுத்து இல்லாம ஃபைல் நகராது. நகராத வரைக்கும் லைசென்ஸுக்கு ஒண்ணும் ஆகாது” என்றார் அண்ணாச்சி. பயிற்சியில் இதைச் சொல்லித் தரவில்லை.

சிஸ்டர் தேறிவிட்டார். அதற்குப் பிறகு கடிபட்டு வந்தவர்களுக்கு ஊசி போட்டார், எழுதவில்லை. ‘குப்பி கை தவறி உடைந்தது’ என்று மட்டும் எழுதினார். என் கடி நிலுவையில் இருந்ததால் அந்த வருஷக் கணக்கில் பாம்புக்கடி பூஜ்யம், உடைந்த குப்பி ஒன்பது. குப்பிக்காகச் சிஸ்டருக்கு, குப்பியைப் பிடிப்பது எப்படி என்று இன்னொரு பயிற்சி. பூஜ்யத்துக்காக ஆஸ்பத்திரிக்கு ஒரு பாராட்டுப் பத்திரம். மேடையேறி அதை வாங்கிக்கொண்டவர் டாக்டர்.

அப்புறம் மேலே இருந்து ஒருவர் சரியாகத்தான் கேட்டார்: பாம்பே கடிக்காத ஊருக்கு மருந்து எதற்கு? நிறுத்திவிட்டார்கள்.

ஊரே திரண்டு மனுக் கொடுக்கப் போனது. பிழைத்த ஒன்பது பேரும் முன்வரிசையில் நின்றார்கள்.

“கடிபட்டதற்கு எழுத்தில் ஆதாரம் உண்டா?” என்று கேட்டார் மகேஸ்வரன்.

ஒன்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எழுத்தில் இருப்பது என் கடி ஒன்றுதான்.

“நீங்க எழுதிக் குடுங்களேன்” என்றேன்.

“எங்களுக்கு எதுக்குல வம்பு? சிஸ்டர் நல்லவங்க, அவங்களக் காட்டிக் குடுக்கச் சொல்லுதியா? நீ போடு. நீதான் ஏற்கெனவே மாட்டியிருக்க” என்றார் ஒருவர். அவரைப் போன மாதம்தான் சிஸ்டர் பிழைக்க வைத்தார்.

இப்போது எனக்கு ஒரு கடுதாசி வந்திருக்கிறது. பதிவுத் தபால். கிருபைராஜ் அண்ணாச்சி அழகாக டைப் அடித்திருக்கிறார். ‘ஐயம்பெருமாள் ஆகிய என்னைப் பாம்பு கடித்தது / கடிக்கவில்லை. தேவையற்றதை அடித்துவிட்டுக் கையெழுத்திடவும்.’ கடித்தது என்றால் மருந்து வரும், சிஸ்டர் லைசென்ஸ் போகும். கடிக்கவில்லை என்றால் சிஸ்டர் இருப்பார், மருந்து வராது. டாக்டரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அவரைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை. நானும் மனுக் கொடுத்த அன்றைக்கு அவர் பாளையங்கோட்டையில் இருந்ததைச் சொல்லாமல்தான் திரும்பி வந்தேன்.

மழை பிடித்துவிட்டது. வரப்பெல்லாம் புல். ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு குப்பி மிச்சம்.

பதினைந்தாம் தேதிக்குள் அடித்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். இன்றைக்குத் தேதி இருபது. நான் எதையும் அடிக்கவில்லை.