கை கழுவியதாகச் சொல்கிறேன்

செவிலியர் கல்லூரியின் செய்முறைத் தேர்வை நவீனமாக்குவது என்று பெரியவர்கள் கூடித் தீர்மானித்தார்கள். பழைய முறையில் மாணவி வேலையைச் செய்வாள், தேர்வாளர் பார்ப்பார். பார்ப்பதில் பாரபட்சம் வந்துவிடுகிறதாம். ஆகவே 'புறவயத் திறன் மதிப்பீட்டு முறைமை' பிறந்தது. படுக்கையில் ஒரு ரப்பர் பொம்மை; நாற்பது படிகள்; ஏழு நிமிடம். மாணவி ஒவ்வொரு படியையும் சொல்லச் சொல்ல, தேர்வாளர் தாளில் டிக் அடிப்பார். விதி ஒன்பது தெளிவாகவே சொன்னது: வாய்விட்டுச் சொல்லப்படும் அனைத்தும் செய்யப்பட்டதாகவே கருதப்படும்.

இந்தத் தேர்வில் சின்னக்குட்டி இரண்டு முறை கோட்டைவிட்டாள். முதல் படி கை கழுவுதல். அறையில் குழாய் இருந்தது, தண்ணீர்தான் இல்லை. மற்ற பெண்கள் "கை கழுவியதாகச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு இரண்டாம் படிக்குப் பறந்தார்கள். இவள் வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே தண்ணீர் தேடிப் போனாள். திரும்பி வருவதற்குள் மணி அடித்துவிட்டது. அடுத்த முறை தண்ணீர் கிடைத்தது; சோப்பு தேடிப் போனாள்.

இனி ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும் போனால் மூன்று வருடப் படிப்பும் போச்சு. அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டிலேயே பயிற்சி நடந்தது.

"அம்மா, உனக்குப் பிரஷர் பார்த்ததாகச் சொல்கிறேன்."

"எவ்வளவுடி இருக்கு?"

"அது நாற்பது படியில வராதும்மா."

நாலு நாளில் இந்தப் பேச்சு வீட்டையே தொற்றிக்கொண்டது. பெரியவன் சோபாவில் படுத்தபடி, "பாத்திரம் தேய்ச்சதா சொல்றேன்" என்றான். அப்பா செருப்பைக்கூடத் தொடாமல், "கடைக்குப் போய்ட்டு வந்ததா சொல்றேன்" என்றார்.

"ரொம்ப சந்தோஷம்," என்றாள் அம்மா. "சாப்பாடு போட்டதா சொல்றேன். எல்லாரும் சாப்பிட்டதா சொல்லிட்டு எழுந்திருங்க."

தேர்வு நாளன்று அம்மா தாழ்வாரத்து ஜன்னலோரம் உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னக்குட்டி பொரிந்து தள்ளினாள். கை கழுவியதாகச் சொன்னாள், நாடி பிடித்ததாகச் சொன்னாள், பொம்மைக்கு ஆறுதல் கூறியதாகச் சொன்னாள். கண்ணாடி போட்ட தேர்வாளர் மேடம் தலை நிமிராமல் டிக் அடித்தார். இருபத்திரண்டாம் படியில் தாளைத் திருப்பும்போது, கோப்பின் தகரப் பட்டை மேடத்தின் விரலைக் கிழித்துவிட்டது. ரத்தம் பொலபொலவென்று கொட்டியது.

சின்னக்குட்டியின் வாய் நின்றது, கை கிளம்பியது.

"அம்மா, தண்ணி!"

அம்மா ஜன்னல் வழியாக பாட்டிலை நீட்டினாள். பெண் கை கழுவினாள், நிஜமாகவே. காயத்தை அலம்பினாள், அழுத்திப் பிடித்தாள், பஞ்சு வைத்துக் கட்டினாள். ரத்தம் நின்றது.

"சொல்லும்மா, சொல்லு! என்ன பண்றே?" என்று பதறினார் மேடம்.

"கட்டுப் போட்டுட்டேனே மேடம்."

"போட்டது சரி. சொல்லலையே!"

மணி அடித்தது. கட்டுப் போட்ட அதே விரலால் பேனாவைப் பிடித்து, மீதிப் பதினெட்டுப் படிகளுக்கும் மேடம் பூஜ்யம் போட்டார். கல்லூரி சின்னக்குட்டியைக் கைகழுவிவிட்டது. அந்தக் கட்டடத்தில் தண்ணீரே இல்லாமல் ஒழுங்காக நடந்த கைகழுவல் அது ஒன்றுதான்.

அம்மா அதிர்ந்து பேசி அறியாதவள். மனு எழுதிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். குமாஸ்தா வாங்கி மேஜையில் வைத்தார்.

"படிச்சதா சொல்றேம்மா. பரிசீலிச்சதாவும் சொல்றேன். போய்ட்டு வாங்க."

அம்மா போகவில்லை. விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, ஒன்பதாம் விதியை விரல் வைத்துப் படித்தாள்.

"ஐயா, வாய்விட்டுச் சொன்னா செஞ்சதா கணக்கு. சரிங்களா?"

"சரிதான்."

"யார் சொல்லணும்னு போட்டிருக்கா?"

குமாஸ்தா முன்னும் பின்னும் புரட்டினார். "போடலையே!"

அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "என் பொண்ணு பாஸ் பண்ணதா சொல்றேன்."

குமாஸ்தாவுக்கு வியர்த்துவிட்டது. முப்பது வருட சர்வீஸில் விதியை மீறியதாக அவர்மேல் ஒரு சொல் கிடையாது. சான்றிதழை எடுத்து எழுதினார்.

"முத்திரை குத்தினதா சொல்..."

"அதை மட்டும் நிஜமாவே குத்திடுங்கய்யா."

குத்தினார். அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்து சான்றிதழைச் சாமி படத்தின்முன் வைத்தாள். முழங்கால் வலி விண்ணென்று தெறித்தது. நின்றபடியே கண்ணை மூடினாள்.

"ஆண்டவனே, மண்டியிட்டதாகச் சொல்கிறேன். ஆயிரம் முறை நன்றி சொன்னதாகவும் சொல்கிறேன். இனி நீதான் என் பிள்ளைகளைக் காப்பாத்தணும்."

காப்பாற்றியதாகச் சொல்கிறேன் என்று மேலேயிருந்து பதில் வந்துவிட்டால்?

அம்மா தடாலென்று மண்டியிட்டாள்.