பல்பு எரியும் பீரோ

பீரோவை விட்டுக்கொடுப்பதில்லை என்று ஆக்னல் முடிவெடுத்தது ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், முதல் காபிக்கும் இரண்டாவது காபிக்கும் நடுவே. முதல் காபிக்கு முன்னால் அவருக்கு எந்த முடிவும் வராது. இரண்டாவது காபிக்குப் பிறகு வந்த முடிவுகளை அவர் மனைவி ஆக்ஸிலியா மாற்றிவிடுவாள். இடையில் கிடைக்கும் அரைமணி நேரம்தான் அவர் வீட்டுத் தலைவராக இருப்பது.

கொடைக்கானலில் மழைக்காலம் வந்தால் துணி காயாது. துவைத்துப் போட்ட லுங்கி நாலாம் நாளும் ஈரமாகத்தான் தொங்கும், ஐந்தாம் நாள் அதில் ஒரு வாடையும் சேர்ந்துகொள்ளும். அந்த வீட்டில் காய்ந்து, வெதுவெதுப்பாக இருந்த ஒரே இடம் உள்ளறை மரப் பீரோ. அதற்குள் நாற்பது வாட்ஸ் பல்பு ஒன்று நாள் முழுக்க எரியும். பல்புக்குப் பக்கத்தில் வெல்வெட் துணியைப் போர்த்திக்கொண்டு குளிர்காய்ந்தது ஆக்னலின் மைக்ராஸ்கோப்.

மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பத்துநாலு வருஷம் பயாலஜி லேப் அட்டெண்டராக இருந்தவர் ஆக்னல். இரண்டு வருஷத்துக்கு முன் ஓய்வு பெற்றபோது சால்வையோடு இதையும் கொடுத்து அனுப்பினார்கள். புதிதாக வந்தவை எல்லாம் திரையில் படம் காட்டுகிற ரகம். பழசு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை, ஆக்னலுக்கு மட்டும் வேண்டியிருந்தது. இந்த மலையின் ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், பிடித்தால் கண்ணாடியையே தின்றுவிடும். அதற்காகத்தான் பல்பும் பீரோவும்.

"என்னங்க, பீரோவைக் காலி பண்ணிக் குடுங்க. துணி போடணும்."

"அதுல மைக்ராஸ்கோப் இருக்கு."

"நாளைக்குப் பூசைக்கு அதுவா போகப்போகுது? நான்தானே போறேன். ஈரச் சேலையோட போகவா?"

"லென்ஸுல பூஞ்சை வந்துரும்."

"எனக்கு முட்டியில பூஞ்சை வந்துரும்போல கெடக்கு. அதுக்கு யாரு பல்பு போடுறது?"

"அதோட அருமை உனக்குத் தெரியாது."

"தெரிஞ்சா?"

ஆக்னல் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"தெரிஞ்சா பீரோ உனக்கு. நான் ஒரு ஸ்லைடு வைக்கிறேன். நீயாப் பாத்து அதுல என்ன இருக்குன்னு சொல்லு. சொல்லலேன்னா இனிமே பீரோப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"சரிங்க."

இவ்வளவு வெரசாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. ஆக்னலுக்கு அது அப்போது உறைக்கவில்லை.

நடுவராகப் பக்கத்து வீட்டு சிலுவைராஜ் வந்தார். சுற்றுலா வேன் ஓட்டி ஓய்ந்தவர். எந்த வழக்கானாலும் காபியோடு விசாரிப்பார். தங்கச்சி பார்த்து முடிக்கும்வரை ஆக்னல் வாயே திறக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

ஆக்னல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கருவியை ஜன்னலோர மேஜையில் வைத்துச் சதிவேலையைத் தொடங்கினார். அடியில் இருக்கும் வட்டக் கண்ணாடிதான் வெளிச்சத்தை வாங்கி மேலே அனுப்புவது. அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டார். ஸ்லைடு வைக்கிற மேடைக்குக் கீழே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டயாஃப்ரம் உண்டு. அதை ஊசித் துளையாக்கினார். மேடைக்கு மேலே, சுழலும் வளையத்தில், கொஞ்சம் பெரிதாகக் காட்டுகிற சின்ன லென்ஸ் ஒன்றும் ரொம்பப் பெரிதாகக் காட்டுகிற லென்ஸ் ஒன்றும் மாட்டியிருக்கும். வளையத்தைத் திருப்பி, இரண்டும் குழாய்க்கு நேராக வராமல் நடுவில் நிறுத்தினார். இனி எந்த மகராசி குனிந்து பார்த்தாலும் அமாவாசைதான்.

அப்படியும் மனசு ஆறவில்லை. நாலாவதாக அவர் செய்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மேடைக் கிளிப்புக்கு அடியில் ஒரு காலி ஸ்லைடைச் செருகினார். அவள் வெங்காயத் தோல் என்றாலும் தப்பு, தேனீக் கால் என்றாலும் தப்பு.

செருகிய கையோடு அவருக்குப் பழைய பிப்ரவரிகள் ஞாபகம் வந்தன. பிராக்டிகல் பரீட்சைக்காலம். பாடம் நடத்துவது மாஸ்டர்தான், ஆனால் கருவியை எப்படித் தொடுவது என்று சொல்லித்தருவது ஆக்னல். அந்தப் பேச்சு பிசகக் கூடாதென்று, வெள்ளனே எழுந்து அடுக்களையில் அடுப்புக்கும் கதவுக்குமாக நடந்து ஒத்திகை பார்ப்பார். லேபில் நனைந்த ஸ்வெட்டர் வாசனை. வரிசையில் நின்று ஒருவனையொருவன் இடிக்கிற பிள்ளைகள். முதல் தடவையாக ஒரு செல்லைப் பார்த்தவன் சட்டென்று பேச்சை நிறுத்துவானே, அந்த நிமிஷத்துக்காகத்தான் அவர் அத்தனை வருஷம் வேலை பார்த்தார்.

கதவைத் திறந்தார். ஆக்ஸிலியா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

குழாயில் கண் வைப்பாள் என்று பார்த்தார். வைக்கவில்லை. கருவியை ஒருமுறை சுற்றி வந்தாள். அடிக் கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பினாள். வெளியே பஞ்சு பஞ்சாக மூடுபனி. யோசித்துவிட்டுக் கண்ணாடியைப் புரட்டி, குழிந்த பக்கத்தை வெளிச்சத்துக்குக் காட்டினாள். மங்கலான வெளிச்சத்தைக் கூட்டி ஒரே இடத்தில் குவிப்பது அந்தப் பக்கம்தான்.

ஆக்னல் இருமினார்.

"இருமலும் பேச்சுதான், ஆக்னலு," என்றார் சிலுவைராஜ்.

அவள் வளையத்தைத் திருகினாள். 'டிக்' என்று சின்ன லென்ஸ் நேராக உட்கார்ந்தது. டயாஃப்ரத்தை விரலால் தடவித் திறந்தாள். பிறகு தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, லென்ஸையும் ஸ்லைடையும் வெறுங்கண்ணால் பார்த்தபடியே, பெரிய திருகைத் திருகி லென்ஸை ஸ்லைடுக்கு வெகு கிட்டே இறக்கினாள். அதன் பிறகுதான் குழாயில் கண்ணை வைத்தாள். வைத்தபின் லென்ஸை மேலே மட்டும் ஏற்றினாள்.

ஆக்னல் ஓரடி முன்னால் வந்து பார்த்தார். கண்ணை வைத்துக்கொண்டு கீழே இறக்கினால் லென்ஸ் ஸ்லைடில் இடித்துக் கண்ணாடி நொறுங்கும். முப்பத்துநாலு வருஷத்தில் ஒரு பையன்கூட இதை முதல் தடவையில் சரியாகச் செய்ததில்லை.

சின்னத் திருகை மெல்ல அசைத்துத் தெளிவாக்கினாள். ஸ்லைடை இப்படியும் அப்படியும் நகர்த்தினாள்.

"என்ன தங்கச்சி தெரியுது?"

"ஒண்ணுமில்லண்ணே. காலி ஸ்லைடு."

ஆக்னல் வாயைத் திறந்தார்.

"பெருவிரல் ரேகை மட்டும் கெடக்கு," என்றாள் ஆக்ஸிலியா. "இவரோடதுதான். குறுக்க ஒரு வெட்டு ஓடுது பாருங்க. நம்ம டேனி பொறந்த வருஷம் ஸ்லைடை மூடுற கவர் கிளாஸ் உடைஞ்சு கிழிச்சது. நான்தான் கட்டுப் போட்டேன்."

ஆக்னல் தன் பெருவிரலைப் பார்த்தார். தழும்பு இருந்தது. ஸ்லைடை ஓரத்தைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும், கண்ணாடியின் நடுவில் விரல் படக் கூடாது என்று எத்தனை ஆயிரம் பிள்ளைகளை அதட்டியவர் அவர். சதி செய்கிற பதற்றத்தில் அவரே பட்டென்று விரலை வைத்திருந்தார்.

"பீரோ தங்கச்சிக்கு," என்று சிலுவைராஜ் தீர்ப்புச் சொல்லி, தம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

"உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதான். எனக்கில்ல, அடுப்புக்கும் கதவுக்கும் சொல்லிக் குடுத்தீங்க. நான் நடுவுல நின்னு காய் நறுக்கிட்டிருந்தேன்."

"கேட்டிருந்தா காட்டியிருப்பேனே."

"கேட்டேன். கல்யாணமான புதுசுல லேபுக்கே வந்து கேட்டேன். தொட்டா ஃபோகஸ் போயிரும்னீங்க."

அது நடந்தது உண்மைதான். மஞ்சள் சேலை, புதுத் தாலி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு லேப் வாசலில் நின்றாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் காட்டியவர் அவளுக்குக் காட்டவில்லை. ஆக்னலுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கிடைக்காதா என்று ஏக்கமாக இருந்தது.

"இப்போ பூஞ்சை பிடிச்சிருமே," என்றார் பலவீனமாக.

"பிடிக்காது. பெரிய எவர்சில்வர் டிரம்மைக் கழுவித் துடைச்சு வச்சிருக்கேன். அரிசியை வறுத்து மூட்டை கட்டி உள்ள போட்டு, இறுக்கி மூடினா ஈரம் ஏறாது. டிரம்மு அடுக்களையில என் பொறுப்புல இருக்கும். பாக்கணும்னா என்னைக் கேளுங்க." பிறகு குரலைத் தணித்து, "மொதல்ல எனக்கு வெங்காயத் தோல் பாக்கணும். உரிச்சுக் குடுக்குறீங்களா?" என்றாள்.

இப்படி ஒருத்தர் அவரிடம் ஸ்லைடு கேட்டு இரண்டு வருஷமாகிறது. ஆக்னல் ஓட்டமாக ஓடினார். பெரிய வெங்காயத்தை எடுத்தபோது, "சின்ன வெங்காயமா எடுங்க," என்றாள். பெரியதில்தான் தோல் சுலபமாக வரும். ஆனால் ஜெயித்தவளிடம் யார் வாதாடுவது? முதல் வெங்காயத்தில் தோல் கிழிந்திருக்கிறது என்றாள். இரண்டாவதில் சுருங்கியிருக்கிறது என்றாள். அடுத்ததில் காற்றுக் குமிழி. விட்டேனா பார் என்று ஆக்னல் உரித்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. வெங்காயத்தாலா, பழைய நாளாலா என்று அவருக்கே தெரியவில்லை. தட்டு நிறைந்தபோது, குறையே சொல்ல முடியாத ஒரு தோலைச் சொட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டு, ஓரத்தைப் பிடித்து நீட்டினார்.

ஆக்ஸிலியா நெடுநேரம் குனிந்து பார்த்தாள். "கல் அடுக்குன செவரு மாதிரி இருக்குங்க," என்றாள், ரொம்ப மெதுவாக. அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

"இன்னொண்ணு போடவா?"

"போதும்ங்க," என்றாள், கண்ணை எடுக்காமலே. "தட்டுல இருக்கிறதை வெரசாக் கழுவிக் குடுங்க. சாம்பாருக்குப் பருப்பு வெந்துருச்சு."