முசிறி சுடலைமுத்துவின் மூன்று கேள்விகள்

இப்போதெல்லாம் மனுஷனுக்குச் சொந்தப் புத்தி என்று ஒன்று கிடையாது. இட்லிக்கு எவ்வளவு உளுந்து என்று செல்போனைக் கேட்கிறான். பெண் பார்க்கப் போக எந்தச் சட்டை என்று முன்பின் தெரியாதவனைக் கேட்கிறான். அதுவும் பத்தாமல், பந்து பிடிக்கிற ஒருத்தனிடம் போய்க் குடும்பம் நடத்த யோசனை கேட்கிறான். அவனும் கூசாமல் சொல்கிறான். அதைப் பேப்பர்காரன் அச்சடித்து விற்கிறான். வாங்கிப் படிக்கவும் ஆள் இருக்கிறது.

திருச்சி பெரிய கடை வீதியில் பூட்டுக்கடை வைத்திருக்கும் சேக் மைதீன் இதையெல்லாம் வருகிறவர் போகிறவரிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அப்படிப்பட்டவர், அன்று ஸ்ரீரங்கத்தில் சிநேகிதர் கோபுவின் வீட்டு மாடியில் உட்கார்ந்து, ஒரு போஸ்ட் கார்டைப் பார்த்து வியர்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஓய், பேர் என்னன்னு போடறது?" என்றார் கோபு. ரயில்வேயில் டிக்கெட் கொடுத்து ரிட்டயரானவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

"என் பேரைப் போடாதீங்க சாமி. சுடலைமுத்துன்னு போடுங்க. ஊரு முசிறி."

"ஏன் முசிறி?"

"அங்க எனக்கு யாரையும் தெரியாது. அதான்."

மாலைப் பேப்பரில் வெள்ளிக்கிழமைதோறும் 'கோலி பதில்கள்' வரும். வாசகர்கள் கேட்பார்கள், கோழிக்கோட்டு ஃபுட்பால் கிளப் ஒன்றில் கோலியாக, அதாவது கோல்கீப்பராக, இருக்கும் திருச்சிப் பையன் ஜைத் பதில் சொல்வான். அந்த ஜைத், சேக் மைதீனின் ஒரே மகன்.

மூன்று வருடத்துக்கு முன் துபாய்க்கு விசா வந்து, டிக்கெட்டும் எடுத்து, விமானம் ஏற வேண்டிய நாளில் அவன் டீம் செலக்‌ஷனுக்குப் போய்விட்டான். "இனிமே என் வாசல்ல காலை வைக்காதே" என்று சேக் மைதீன் சொல்லிவிட்டார். பிறந்ததிலிருந்து அப்பன் பேச்சைக் கேட்காத பிள்ளை, அந்த ஒரு பேச்சை மட்டும் கேட்டான்.

இப்போது ஷில்லாங்கில் ஒரு டீம் இரண்டு வருடத்துக்கு அவனை எடுத்திருக்கிறது. போவதற்கு முன், அடுத்த மாதம் முதல் ஞாயிறு, திருச்சியில் ஒரு ஆட்டம். அப்போது அவன் வீட்டுக்கு வந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும். சேக் மைதீனுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் 'வா' என்று அவர் வாய் சொல்லாது.

"ஆத்துக்காரியைக் கேக்கலாமே?" என்றார் கோபு.

"ஷரபுன்னிசாவையா? அவளுக்கு என்னங்க தெரியும்? மூணு வருஷமா 'ஒரு போன் போடுங்க, ஒரு போன் போடுங்க'ன்னு அதையே சொல்லிட்டு இருக்கா."

கோபு கார்டை இழுத்து எழுதினார். 'ஒரு அப்பாவும் மகனும் மூன்று வருடமாகப் பேசவில்லை. யார் முதலில் பேசுவது?'

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. 'பந்து வரட்டும் என்று கோட்டிலேயே நிற்கிற கோலிக்குக் கோல்தான் விழும். பெரியவர்தான் முன்னால் வர வேண்டும். போன் போட்டு, சாப்பிட்டாயா என்று கேட்கட்டும்.'

சேக் மைதீன் இரண்டு தரம் படித்தார். "பாத்தீங்களா சாமி? ஆம்பளப் புள்ள எப்படி விளக்கமா சொல்றான்!"

சொந்த நம்பரிலிருந்து போட மானம் விடவில்லை. கோபுவின் போனை வாங்கி, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பேசினார்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். யாருங்க?"

அதற்கு மேல் என்ன பேசுவது என்று பேப்பரில் போடவில்லை. முப்பது வருடம் பூட்டு விற்ற வாய், தனக்குத் தெரிந்ததைக் கேட்டது.

"ரூமைப் பூட்டிட்டியா?"

"என்னது?"

"இல்ல, சாவிய எங்க வெப்பே? நீ வெளிய போனா வர எத்தனை மணியாகும்?"

"டேய், யார்ரா நீ?"

போனை வைத்துவிட்டார். கோபுவுக்கு முகம் வெளுத்தது. "ஓய், இப்பல்லாம் போன்ல பேர் காட்டும் ஓய்! கோபு, ஸ்ரீரங்கம்னு கொட்டை எழுத்துல வந்திருக்கும்!"

வந்துதான் இருந்தது. மறுநாள் மத்தியானம் சோறு போடும்போது ஷரபுன்னிசா சொன்னாள்.

"ஜைத்துக்கு எவனோ போனைப் போட்டு, சாவி எங்கன்னு கேட்டானாம். சீரங்கத்துத் திருடனாம்."

"சீரங்கத்துல ஏது திருடன்?"

"பேரே வந்துச்சாம். கோபுவாம். உங்க சிநேகிதர் பேரு மாதிரியே இருக்கு, பாருங்க."

சேக் மைதீன் ஒரு சொம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தார்.

இரண்டாவது கார்டு போனது. 'போன் போட்டார், காரியம் கெட்டது. இனி என்ன?' பதில் வந்தது: 'குரல் கைவிட்டால் கை இருக்கிறதே. அவனுக்குப் பிடித்ததை அனுப்பச் சொல்லுங்கள்.'

அங்கேதான் சிக்கல். பிள்ளைக்கு என்ன பிடிக்காது என்பது அவருக்குத் தெரியும்: துபாய் பிடிக்காது, பூட்டுக்கடை பிடிக்காது. என்ன பிடிக்கும் என்று யோசித்தால் ஒன்றும் வரவில்லை. இருபத்தெட்டு வருடம் கண்ணுக்கு முன்னால் சாப்பிட்ட பிள்ளை. தட்டில் எதை முதலில் தொடுவான் என்றுகூட அவர் பார்த்ததில்லை. அன்று கடையைச் சீக்கிரமே பூட்டினார்.

வீட்டுக்குப் போய், சுவரைப் பார்த்துக் கேட்டார். "இந்த வீட்டுல யாருக்கு என்ன பிடிக்கும்?"

"எனக்கா?" என்றாள் ஷரபுன்னிசா. "நிக்காஹ் ஆகி முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சுக் கேக்குறீங்க. யோசிச்சுச் சொல்றேன்."

"உனக்கில்ல. பொதுவா."

"பொதுவான்னா வட்டிலப்பம். முட்டையும் தேங்காப்பாலும் கருப்பட்டியும் போட்டு அவிச்சா, ஒரு ஆளு ஒரு சட்டிய ஒத்தையாத் தின்னும்."

"அதுல ஒரு டப்பா செய்யி. கோபுவுக்கு வேணுமாம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஐயரு முட்டை சாப்பிடுவாரா?"

"இப்ப சாப்பிடுறாரு."

"எப்பலேருந்து?"

"போன வாரத்துலேருந்து."

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பஸ் பார்சல் ஆபீஸில் அனுப்புகிறவர் பேரைக் கேட்டார்கள். தன் பேரைச் சொல்ல முடியுமா? "கோபு, ஸ்ரீரங்கம்" என்றார். என்ன பொருள் என்றார்கள். பொய் சொல்லக் கூடாது என்று, "முட்டை வட்டிலப்பம்" என்றார். இரண்டையும் ரசீதில் எழுதிக் கொடுத்தார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று அதை, கூட வந்து வெளியே நின்ற கோபுவின் சட்டைப் பையிலேயே வைத்தார்.

மூன்றாம் நாள் கோபு கடைக்கு வந்தார். ஷேவிங் செய்திருக்கவில்லை.

"ஓய், என் ஆத்துக்காரி பூமா சட்டையைத் தோய்க்கறச்சே ரசீதைப் பாத்துட்டா. ரெண்டு நாளா என் டம்ளர் தனியா இருக்கு. தட்டு தனியா இருக்கு. நானே தனியா இருக்கேன்."

"நான் திங்கலைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே! 'சாப்பிடாதவர் எதுக்கு அனுப்பறேள், வியாபாரமா பண்றேள்?'ங்கறா. பெருமாள் சேவிக்கப் போனா நாலு பேர் என்னை ஒரு மாதிரிப் பாக்கறா ஓய்!"

வீட்டில் வேறு செய்தி காத்திருந்தது. "அந்தச் சீரங்கத்துத் திருடன் இப்ப டப்பா அனுப்பியிருக்கானாம்" என்றாள் ஷரபுன்னிசா. "மயக்க மருந்து இருக்கும்னு பயந்து, புள்ள அதை வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டானாம்."

"வாட்ச்மேன் என்ன ஆனான்?"

"நல்லா இருந்துச்சாம். இன்னொரு டப்பா வருமான்னு கேட்டானாம்."

அதற்கப்புறம் கோபுவைத் தேடிப் போக முடியவில்லை. மூன்றாவது கார்டை சேக் மைதீன் தானே, ஒவ்வொரு எழுத்தாக, கடைக் கல்லாவில் குனிந்து எழுதினார். 'சொன்னதெல்லாம் செய்தும் பலன் இல்லை. வீட்டுக்காரியைக் கேட்கலாம் என்றால் அவளுக்கு விவரம் பத்தாது. கடைசியாக அந்த அப்பன் என்ன செய்வது?'

பதில் கொஞ்சம் சூடாகவே இருந்தது. 'விவரம் பத்தாதவர்களைக் கேட்கவே கேட்காதீர்கள். மகனை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்தால் போதும். வாயை மட்டும் திறக்க வேண்டாம்.'

"நம்மள மாதிரியே பேசுறான்" என்று சேக் மைதீனுக்குப் பெருமையாக இருந்தது. அந்த வாரம் முழுக்க வீட்டில் ரசமும் சுட்ட அப்பளமும்தான். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டேடியத்தில் கோல் கம்பத்துக்குப் பின்னால், முதல் வரிசையில் உட்கார்ந்தார். தலையில் துண்டு, வாயில் வெற்றிலை. வெற்றிலை, பேசாமல் இருப்பதற்கு. முன்னால் இருபதடி தூரத்தில் பிள்ளையின் முதுகு தெரிந்தது. மூன்று வருடத்தில் தோள் அகலமாகியிருந்தது. இரண்டு விரலைச் சேர்த்து வெள்ளைப் பிளாஸ்திரி சுற்றி, அதன் மேல் கையுறை மாட்டினான். விரல் உடைந்த சேதியை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரிடம் யார் சொல்வது?

பாதி ஆட்டத்தில் பக்கம் மாறியபோது அவரும் எதிர்க் கம்பத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். எழுபது நிமிடம் வாயைத் திறக்கவில்லை. ஆட்டம் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். அப்புறம் எதிர் டீம் ஆள் ஒருத்தன் பந்தோடு தனியாக வந்தான். எந்தப் பூட்டும் போடாத வீடு மாதிரி இடது பக்கம் காலியாகக் கிடந்தது. சேக் மைதீனால் தாங்க முடியவில்லை.

"டேய், எடது பக்கம் தொறந்து கெடக்குடா!"

வெற்றிலை நாலு வரிசைக்குத் தெறித்தது. அந்தக் குரலுக்கு ஜைத்தின் தலை தானாகத் திரும்பியது. பந்து வலது பக்கமாக உள்ளே போனது.

"யோவ் பெரிசு, எந்த ஊருய்யா நீ?" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

"முசிறி" என்றார் சேக் மைதீன்.

அந்த ஒரு கோலில் ஜைத்தின் டீம் தோற்றது. ஆட்டம் முடிந்து, பந்தல் போட்டு, பேப்பர்காரர்கள் ஜைத்திடம் கேள்வி கேட்க ரசிகர்களை வரிசையில் நிறுத்தினார்கள். 'கோலி பதில்கள்' பகுதியைத் தயார் செய்கிற ஆன்சி என்ற பெண் மைக்கை நீட்டிக்கொண்டே வந்தாள். போய்விடலாம் என்று நினைத்தார். நாளைக் காலை பிள்ளைக்கு விமானம். வரிசையில் நின்றார்.

முன்னால் நின்ற மன்னார்புரத்துக்காரர் கேட்டார். "பந்து மூஞ்சிக்கு வந்தா கண்ண மூடாம இருக்கிறது எப்படிங்க?"

"நானும் மூடிக்குவேங்க. கைய மட்டும் மூட மாட்டேன்."

"சரி, உள்ள போன கோலை எப்படிங்க மறக்கிறது?"

"மறக்க முடியாதுங்க. வலையிலேருந்து எடுத்து நடுவுக்கு அனுப்பிடணும். அது உள்ளயே கெடந்தா, மேல ஆட வழியில்ல."

அடுத்து மைக் சேக் மைதீனிடம் வந்தது. துண்டைக் கீழே இழுத்துவிட்டார்.

"உங்க பேருங்க?" என்றாள் ஆன்சி.

"சுடலைமுத்து. முசிறி."

ஜைத் நிமிர்ந்தான். வெற்றிலைச் சாறு வழிந்த சட்டையைப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"கேளுங்க சார்."

"நீ சொன்னதெல்லாம் அந்த அப்பன் செஞ்சுட்டான். போன் போட்டான், டப்பா அனுப்பினான், வந்து உக்காந்தான். தொட்டதெல்லாம் கெட்டுப்போச்சு." குரல் இறங்கியது. "கை எப்படி இருக்கு?"

"இது கேள்வியா சார்?"

"ஆமா."

"ஆறிடுச்சு." ஜைத் பிளாஸ்திரியைத் தடவினான். "அந்த அப்பாவ வீட்டுக்குப் போகச் சொல்லுங்க. போயி, சோறு போடச் சொல்லட்டும். ஒரு மணி நேரத்துல பையன் வருவான்."

"வாசல்ல கால வைக்காதேன்னு..."

"அத அவரு நடுவுக்கு அனுப்பிடட்டும் சார்."

கூட்டம் எதற்கென்று தெரியாமல் கைதட்டியது. சேக் மைதீன் துண்டால் முகத்தைத் துடைத்தார். அதில் வெற்றிலைச் சாறு மட்டும் இல்லை.

பந்தலைத் தாண்டி ஆன்சி அவர் கூடவே வந்தாள். "முசிறி ஐயா, உங்க கார்டு வந்தாத்தான் எங்க பக்கமே களை கட்டும்."

"பதில் சொல்றவன் அப்படிம்மா" என்றார் சேக் மைதீன். மூன்று வருடத்தில் முதல்முறையாகப் பிள்ளையைப் பற்றி ஊராரிடம் வாய் நிறையப் பேசினார். "என்ன தெளிவு! என்ன விவரம்! எங்க வீட்லயும் ஒருத்தி இருக்காளே. மூணு வருஷத்துல உருப்படியா ஒரு யோசனை சொன்னாளா?"

ஆன்சி சிரித்தாள்.

"ஐயா, ஃபுட்பால் கேள்விக்கு மட்டுந்தான் ஜைத் பதில் சொல்வாரு, குடும்பக் கேள்வியெல்லாம் நான் புதன்கிழமை மத்தியானம் அவங்க அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டு எழுதுறதுதான், அவங்களும் எடுத்த உடனே 'முசிறிக்காரர் கார்டு வந்திருக்கா, அத மொதல்ல படி'ம்பாங்க."

சேக் மைதீன் நின்றார். அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"போம்மா, அவளுக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு, சோறு போடச் சொல்ல வேகமாக நடந்தார்.