நண்டுராணிக்கு ஒரு பாடு

பழவேற்காட்டில் உலாந்தாக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த காலத்தில், ஏரியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு சீரிய ஏற்பாடு செய்திருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியும். ஆனால் ஜன்னல் வழியாகத் தெரிவதற்கு முத்திரை கிடையாது. ஆகவே, கரைக்கு வரும் தோணிக்காரர்கள் கண்டதைச் சொல்ல, ஒருவர் அதை ஓலையில் எழுத, துபாஷி வேதாசலம் உலாந்தா பாஷைக்கு மாற்ற, துரை படித்துவிட்டு, ஏரியில் தண்ணீர் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்வார்.

எழுதும் வேலைக்கு அங்காளம்மாள் வந்தது தற்செயல்தான். பழைய எழுத்துக்காரர் காய்ச்சலில் போய்விட்டார். ‘எழுத்து அறிந்த நபர் ஒருவர்’ தேவை என்று உத்தரவு வந்தது. குப்பத்தில் எழுத்து அறிந்தவள் அவள் ஒருத்தி. கூத்தாடித் திரிந்த தாய்மாமன் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனது. நபர் என்றால் ஆண்பிள்ளை என்று உத்தரவில் இல்லை. அரை நாள் தேடிப் பார்த்துவிட்டு வேலையைக் கொடுத்துவிட்டார்கள். குப்பத்து ஆண்களுக்கு வந்த ஒரே கவலை, அவள் வீட்டில் இனி யார் சோறாக்குவது என்பது. அவளேதான். அதில் எந்த உத்தரவும் குறுக்கிடவில்லை.

பகலெல்லாம் ‘காற்று வாடை, தோணி இரண்டு, நண்டு சுமார்’ என்று எழுதி அலுத்தவள், வீட்டுக்கு வந்து உலை கொதிக்கிற நேரத்துக்குள் தன் கதையை எழுதுவாள். ஏரிக்கு அடியில் ஒரு ராஜ்ஜியம். மட்டிச் சிப்பியால் மாளிகை. பூநாரைகள்தான் குதிரைப்படை. ராணி நீலநகை ஒரு நண்டு. கோபம் வந்தால் மட்டும் நேராக நடப்பாள். பதினாறு அத்தியாயம் ஓடிவிட்டது. சோறு குழைந்ததும் பதினாறு தடவைதான்.

வேலை ஓலையும் கதை ஓலையும் ஒரே இறால் கூடையில் போய்வந்தன. ஒரு நாள் வேதாசலம் கூடைக்குள் கைவிட்டார். கதைக் கட்டு வந்தது. அவர் பன்னிரண்டு வருஷமாக மொழிபெயர்ப்பவர். இதுவரை எதையும் படித்ததில்லை. அன்றும் படிக்காமல் மொழிபெயர்த்தார். துரை முத்திரை குத்தினார். கட்டு கப்பலேறிக் கடல் கடந்த மேலிடத்துக்குப் போயிற்று.

மேலிடம் எட்டு மாதம் யோசித்துப் பதில் அனுப்பியது:

‘மேற்படி ஏரியின் அடித்தளத்தை ஆண்டுவரும் மாட்சிமை தங்கிய நீலநகை ராணியாருக்கு இதுகாறும் மீன்பிடி உரிமை வழங்கப்படாதது குறித்து மேலிடம் மிகவும் விசனப்படுகிறது. உடனடியாக வழங்கவும்.’

முகத்துவாரத்தில், இறால் கடலுக்கு ஓடும் இடத்தில், யார் எந்த நாள் வலை கட்டுவது என்பதற்குக் குப்பத்தில் முறை உண்டு. பாடு என்பார்கள். நாற்பத்திரண்டு வீட்டுக்கும் சீட்டுப் போட்டு, ஆளுக்கொரு நாள். தன் பாடு தவறிய வீடு, மறுபடி முறை வரும்வரை சேற்றில் கைவிட்டுத் தடவிக் கிடைத்ததைத் தின்று கிடக்க வேண்டியதுதான். கோட்டையிலிருந்த பட்டியலிலும் நாற்பத்திரண்டே வரி. நாற்பத்து மூன்றாவது வரி போட மேலிடத்தைக் கேட்க வேண்டும். அதற்கு இன்னொரு எட்டு மாதம். ஆகவே ஒரு பெயரை அடித்துவிட்டு ராணி பெயரை எழுதினார்கள். உத்தரவு வந்த அன்று யார் பாடோ, அவர் பெயர். தங்கவேல். அங்காளம்மாளின் தகப்பன்.

தங்கவேல் வலையோடு கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஊர்ப் பெரியதனம் பெரியசாமி ஆறுதல் சொல்ல வந்தார்.

“இன்னா தங்கவேலு, போயும் போயும் ஒரு நண்டாண்ட பாட்டை வுட்டுட்டியே!”

“ஒரு வாட்டி இல்லபா, இனிமே எப்பவுமே இல்லையாம். நான் இன்னா துன்றது?”

“நண்டு துன்னாதே. கேஸாயிடும்.”

அங்காளம்மாள் கோட்டைக்கு ஓடினாள். சித்திரை வெயிலில் துரையைப் போலவே பொய்முடியும், கழுத்தைச் சுற்றிக் கஞ்சி போட்ட துணிச்சக்கரமும் மாட்டிக்கொண்டு வேதாசலம் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

“ஐயா, அது கதைங்க. நானா இட்டுக்கட்டினது. ராணியும் இல்ல, கூனியும் இல்ல.”

“முத்திரை இருக்கே.”

“முத்திரை இருந்தா நண்டு ராணியாயிடுமா?”

“முத்திரை இருக்கிறதாலேதான் இவர் துரையா இருக்கார்,” என்றார் வேதாசலம், குரலைத் தாழ்த்தி.

துரைக்கு விஷயம் சொல்லப்பட்டது. அவர் நெடுநேரம் தாடியைத் தடவிவிட்டு, வேதாசலத்தின் வாய்வழியாகக் கேட்டார்: “காற்று வாடை என்று எழுதினாயே, அதுவும் நீ இட்டுக்கட்டியதா?”

“இல்லீங்க.”

“இரண்டும் ஒரே கையெழுத்து. ஒன்று நிஜமென்றால் மற்றதும் நிஜம்.”

ஒரு சுற்று முடிந்து ராணியின் முதல் பாடு நாள் வந்தது. சிப்பாய்கள் வரிசையாக நின்று மரியாதை செய்தார்கள். இறால் கும்பல் கும்பலாக, யாரும் தடுக்காமல், கடலைப் பார்த்துப் போயிற்று. குப்பமே கரையில் நின்று எச்சிலை விழுங்கியது. ‘ராணியார் எழுந்தருளவில்லை, அடுத்த முறைக்குப் பணிவுடன் காத்திருக்கிறோம்’ என்று துரை சொல்ல, அங்காளம்மாளே அதை எழுத வேண்டியிருந்தது. அது அவள் உத்தியோகம்.

வீட்டில் நைனா தங்கவேல் மூன்றாம் நாளாகப் புளித்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நிஜத்தைச் சொல்லி நிஜம் செல்லுபடியாகவில்லை. சரி என்று அங்காளம்மாள் அரிசி போடாத உலையை இறக்கி வைத்துவிட்டு எழுத்தாணியை எடுத்தாள். ‘நீலநகையாகிய நான், மூட்டுவலி காரணமாக, என் பாட்டைத் தங்கவேல் அவர்களுக்கே விட்டுக்கொடுத்து விலகுகிறேன்.’ ஈரமணலில் ஒரு நண்டை நடக்கவிட்டு, அதே நண்டின் காலில் மை தடவி ஓலையில் ஒப்பமும் வாங்கினாள்.

ஒப்பத்தைப் பார்த்ததும் துரை எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். ஆனால் ஒரு சிக்கல். “ராஜ உரிமையை வெளியாளுக்கு விட்டுக்கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. உறவினருக்குத்தான் போகும். ராணிக்கு உறவினர் யார்?”

தமுக்கு அடித்தார்கள். ராணியின் உறவினர் எட்டு நாளுக்குள் கோட்டைக்கு வந்து பதிவு செய்துகொள்ள வேண்டியது.

அங்காளம்மாளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. எவன் வருவான், நண்டுக்கு உறவு என்று?

முதல் ஆளாகப் பெரியசாமி வந்தார். வேட்டிக் கிழிசலைக் கஞ்சியில் முக்கிக் காயவைத்து, துபாஷியைப் போலவே கழுத்தில் சக்கரம் கட்டியிருந்தார். அவர் பெண்டாட்டி அம்மணி கொண்டையில் இரண்டு நண்டுக் கொடுக்கு. “எங்க பாட்டன் ஏரியிலேதான் முழுகிச் செத்தாரு. கீழே போய் சும்மாவா இருந்திருப்பாரு? கலியாணம் கட்டியிருப்பாரு,” என்றார் பெரியசாமி. பதிவாயிற்று. மறுநாள் குப்பத்தில் கஞ்சிக்கு அரிசி தீர்ந்துபோயிற்று. எல்லாக் கழுத்திலும் சக்கரம். நீந்தத் தெரிந்த வீடெல்லாம் அத்தை வழி. பக்கவாட்டில் படுத்துத் தூங்குகிற வீடெல்லாம் மாமன் வழி. நாற்பத்தொரு வீடு.

எட்டாம் நாள் வரிசைக் கடைசியில் நைனா நின்றார். சக்கரம் கோணலாக இருந்தது.

“நைனா! நீயுமா?”

“இன்னாம்மா நீ? ராணியை எழுதினது யாரு?”

“நானு.”

“உன்னைப் பெத்தது யாரு?”

“நைனா, வாணாம்…”

“அப்ப ராணிக்கு நான் தாத்தா முறை. இவனுங்களாட்டம் சுத்திவளைச்ச சொந்தமா? நேர் தாத்தா!”

துரை எழுந்து கை கொடுத்தார். பதிவாயிற்று. பிறகு அங்காளம்மாளைப் பார்த்து, “நீ?” என்றார்.

“எனக்கும் எந்த நண்டுக்கும் எந்தச் சொந்தமும் கிடையாது,” என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு. அதுவும் பதிவாயிற்று.

மறுநாள் காலை கோட்டை வாசலில் உத்தரவு படித்தார்கள். பதிவு செய்துகொண்ட நாற்பத்திரண்டு வீட்டாரும் அயல்நாட்டு ராஜ குடும்பத்தினர் என்று இதனால் அங்கீகரிக்கப்படுகிறார்கள். அவர்களைக் காணும்போது சிப்பாய்கள் வணங்க வேண்டும். அயல்நாட்டு ராஜ குடும்பத்தினர் இந்த ஏரியில் வலை கட்டுவது இரு ராஜ்ஜியங்களின் நட்புக்குக் குந்தகமாகும் என்பதால், கட்டக்கூடாது. பாடு முறைப் பட்டியலில், ராணி விட்டுக்கொடுத்தது உட்படக் காலியான வரிகள், ராணிக்கு உறவல்லாத உள்ளூர் நபர் ஒருவரால் நிரப்பப்படும். ஆணா பெண்ணா என்று வழக்கம்போல் உத்தரவில் இல்லை.

நாற்பத்திரண்டு வரியிலும் ஒரே பெயர். அங்காளம்மாள்.

அன்றுமுதல் அவள் விடியலில் முகத்துவாரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலை இழுத்தாள். பிறகு ஈரச் சேலையோடு கோட்டைக்குப் போய், தான் இழுத்ததைத் தானே சொல்லித் தானே எழுதினாள். கதை எழுத நேரமில்லாமல், பதினேழாம் அத்தியாயத்தில் ராணி ஒரு காலைத் தூக்கியவள் தூக்கியபடியே நின்றாள். ராஜ குடும்பத்தார் கஞ்சிச் சக்கரத்தோடு கரையில் வரிசையாக உட்கார்ந்து, போகிற வருகிற சிப்பாயிடம் வணக்கம் வாங்கிக்கொண்டு, இவள் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அங்காளு! இன்னாம்மா வந்துது இன்னிக்கி?” என்று நைனா குரல் கொடுத்தார்.

“நண்டுதான் நைனா, கூடை கொள்ளாம!”

பெரியசாமி சக்கரத்தைச் சரிசெய்துகொண்டு, முகம் சுளித்துச் சொன்னார்:

“அத்தைத் தண்ணியிலே வுட்டுட்டு இறாலாப் பாத்துக் கொண்டாம்மா. சொந்தக்காரங்களை எப்டித் துன்றது?”