பதினேழாம் நம்பர் பிரஸ்

‘பதினேழாம் நம்பர் பிரஸ்’ என்ற துப்பறியும் நாவலுக்கு மதிப்புரை எழுதித் தரச் சொல்லி பத்திரிகை ஆசிரியர் போன் செய்தபோது, திருமலை வாயில் வைத்த இட்லியை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் மனைவி ராஜாத்தியைப் பார்த்தார். சுரேந்தர் என்ற பெயரில் அந்த நாவலை எழுதியவர் அவர்தான். இது ராஜாத்திக்குத் தெரியும். டைப் அடித்துக் கொடுத்த தஸ்லிமுக்குத் தெரியும். வாசகர் கடிதம் வந்தால் வாங்கி வைக்கட்டும் என்று ஜூஜுவாடியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்த சிநேகிதன் சம்பங்கியின் முகவரியைக் கொடுத்திருந்ததால், அவனுக்கும் பாதி தெரியும்.

திருமலை லேசுப்பட்ட எழுத்தாளர் இல்லை. சிப்காட்டுக்கு நிலம் போனவர்களைப் பற்றியும், அதே நிலத்தில் எழும்பிய கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போனவர்களைப் பற்றியும் ஆறு கனமான நாவல்கள் எழுதி, ஓசூரில் தெருவுக்குத் தெரு வணக்கம் வாங்குகிறவர். துப்பறியும் கதை என்பது மூளைக்குப் பிடித்த சொறி என்று முப்பது வருஷமாக மேடையில் பேசி வந்தவர். போன வருஷம் நெஞ்சுவலி வந்து, பெங்களூரில் ஸ்டென்ட் வைத்துப் படுத்திருந்தபோது, எழுதாமல் விட்ட மகத்தான நாவல் எதுவும் அவர் ஞாபகத்துக்கு வரவில்லை. ஒரு துப்பறியும் கதைகூட எழுதாமல் செத்துப்போகப் போகிறோமே என்றுதான் அழுகை வந்தது.

வீடு திரும்பி, மாத்திரை மயக்கத்தில் என்ன எழுதினோம் என்பதே பாதி ஞாபகம் இல்லாமல், இருபத்தாறே நாளில் எழுதி முடித்தார். இரும்புத் தகட்டை அழுத்தி வடிவெடுக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் தொழிலாளி ஒருவன் சாகிறான். சூப்பர்வைசர்தான் கொன்றான் என்று ரிட்டயர்டு தாசில்தார் ஒருவர் கண்டுபிடிக்கிறார். ரகசியம் வெளியே கசியக்கூடாது என்று ப்ரூஃப்கூடப் பார்க்கவில்லை. பாகலூர் ரோட்டில் டைப்பிங் சென்டர் வைத்திருந்த தஸ்லிம் அடித்து முடித்து, அவளே நேராகப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டாள். அச்சான தன் புத்தகத்தைப் படிக்கிற வழக்கம் திருமலைக்கு எப்போதும் கிடையாது.

நாவல் கம்பெனி பஸ்களில் கைமாறிக் கைமாறி மூன்று பதிப்பு ஓடியது. முக்கியமாக ஒன்பதாம் அத்தியாயம். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை என்று எழுதாத ஆள் இல்லை.

“எழுத முடியாதுன்னு சொல்லிருங்க” என்றாள் ராஜாத்தி.

முடியாது என்றால் சந்தேகம் வரும் என்றார் திருமலை. உட்கார்ந்து, சுரேந்தரைக் கிழிகிழி என்று கிழித்தார். நடை சப்பை, பாத்திரங்கள் அட்டை, ரிட்டயர்டு தாசில்தாருக்கு இத்தனை மூளை இருந்ததாகச் சரித்திரமே இல்லை. எல்லாம் எழுதிய பிறகு மனசு கேட்கவில்லை. கடைசியில் ஒரு வரி சேர்த்தார். “ஒன்பதாம் அத்தியாயம் மட்டும் கற்பனையில் வரக்கூடியது அல்ல, சாவைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவன் எழுதியது.” தன் முதுகைத் தானே தட்டிக்கொண்ட திருப்தியோடு அனுப்பிவைத்தார்.

அந்த வரியை இன்ஸ்பெக்டர் சுகுணா படித்தார். புதிதாக மாற்றலாகி வந்தவர். கூடவே நாவலையும் வாங்கிப் படித்துவிட்டு, ஜூஜுவாடி முகவரிக்கு ஒரு போலீஸ்காரரை அனுப்பி, சுரேந்தர் எங்கே என்று கேட்கச் சொன்னார்.

சம்பங்கி பதறிப்போய் போன் செய்தான். அந்த வாரம்தான் திருமலை ஒரு கல்லூரியில், பெயரை மறைத்து எழுதுகிறவன் முகமூடித் திருடன் என்று பேசிவிட்டு வந்திருந்தார். யோசித்துப் பார்த்துவிட்டு, நாலு நாளைக்கு நீதான் சுரேந்தர் என்று சொல்லிவிடு, பெரிதாக ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்றார்.

சம்பங்கிக்கு முதலில் பயமாக இருந்தது. பிறகு பிடித்துப்போய்விட்டது. லாரி டிரைவர்கள் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். யூடியூப் சேனல்காரர்கள் வந்து மைக் நீட்டினார்கள். ஒன்பதாம் அத்தியாயம் எப்படி எழுதினீர்கள் என்று அவர்கள் கேட்டதும், சம்பங்கி கண்ணை மூடி ஒரு நிமிஷம் இருந்துவிட்டு, நேரில் பார்த்தேன் என்றான்.

மறுநாள் காலையில் ஜீப் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் ஒரு தொழிலாளி பிரஸ் மெஷினில் சிக்கிச் செத்திருக்கிறான். தொழிலாளியின் கவனக்குறைவு என்று ஃபைலை மூடிவிட்டார்கள். நாவலின் ஒன்பதாம் அத்தியாயம் அப்படியே அந்தச் சாவு. எந்த கம்பெனி, எந்த ஷிப்ட் என்று கேட்டதற்கு சம்பங்கி உளறினான். உளற உளற, இவன் யாரையோ காப்பாற்றுகிறான் என்று முடிவு செய்து, பெஞ்சில் இருந்தவனைத் தரையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

சம்பங்கியின் மனைவி கெம்பம்மா நேராக திருமலை வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. “அண்ணா, அவுருக்கு லாரி நம்பர் எழுதவே கை நடுங்கும். நாவல் எழுதுவாரா நீங்களே சொல்லுங்க” என்று கேட்டுவிட்டு வாசலிலேயே நின்றாள்.

ராஜாத்தி சட்டையை எடுத்து திருமலையிடம் கொடுத்தாள். அவர் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்.

இன்ஸ்பெக்டர் சுகுணா எழுந்து வணக்கம் சொன்னார். கல்லூரியில் திருமலையின் நாவல்தான் பாடமாக இருந்தது என்றார். நான்தான் சுரேந்தர் என்று திருமலை சொன்னதும், அவர் முகத்தில் ஒரு இரக்கம் வந்தது. பெரிய மனுஷர், சிநேகிதனுக்காகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ள வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டார். மேஜையிலிருந்த நாவலைப் பிரித்து ஒன்பதாம் அத்தியாயத்தைச் சத்தமாகப் படித்தார்.

இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் அந்த பிரஸ் இறங்கும். அவசர ஆர்டருக்காக சூப்பர்வைசர் ஒரு பட்டனை சைக்கிள் டியூப் துண்டால் இழுத்துக் கட்டிவிடுகிறான். ஒரு கை பட்டனில் இருக்க, இன்னொரு கை பொருளை எடுக்கத் தோள்வரை உள்ளே போகிறது, பிரஸ் இறங்கிவிடுகிறது. “பிரஸ் மேலே போனபோது அவன் கத்தவில்லை. பக்கத்து மெஷின்காரனைப் பார்த்து, என் டிபன் பாக்ஸில் சோறு அப்படியே இருக்கிறது, யாராவது சாப்பிட்டுவிடுங்கள், திருப்பிக் கொண்டுபோனால் வீட்டில் வருத்தப்படுவாள் என்றான்.”

திருமலையின் கண் நிறைந்துவிட்டது. இத்தனை நன்றாகவா எழுதியிருக்கிறோம் என்று நினைத்தார். ஆறு நாவலில் இப்படி ஒரு இடம் விழவில்லை. ஸ்டென்ட் வைத்த பிறகுதான் தனக்கு எழுத்து கூடி வந்திருக்கிறது என்று அந்தச் சங்கடத்திலும் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது.

“அந்த டியூப் துண்டு பேப்பர்ல எதுலயும் வரல சார். எங்க ஃபைல்ல ஒரு போட்டோவுல, மெஷினுக்குக் கீழ கெடக்குது. அப்ப யாரும் அதைக் கேக்கல. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

கற்பனை என்றார் திருமலை.

இன்ஸ்பெக்டர் டிராயரிலிருந்து மதிப்புரையை எடுத்து, கடைசி வரியின் கீழே கோடு போட்டிருந்ததைக் காட்டினார். கற்பனையில் வராது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள் என்றார். கையெழுத்துப் பிரதி இருந்தால் கொண்டுவாருங்கள், நம்புகிறேன் என்றார் இன்ஸ்பெக்டர். “ஆனா கொண்டுவந்தீங்கன்னா, சம்பங்கி உக்காந்திருக்கிற எடத்துல நீங்க உக்காரணும்.”

சுவரோரமாகக் காலை மடக்கி உட்கார்ந்திருந்த சம்பங்கி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான். திருமலை பார்வையைத் தாழ்த்திக்கொண்டு வெளியே வந்து ஆட்டோ பிடித்தார்.

டைப்பிங் சென்டரில் தஸ்லிம் யாருக்கோ ஆதார் விண்ணப்பம் அடித்துக்கொண்டிருந்தாள். திருமலையின் கடைசி மூன்று நாவல்களும் அவள் அடித்ததுதான். தப்பில்லாமல் அடிப்பாள், அதிகம் பேசமாட்டாள். அதற்கு மேல் அவளைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. கேட்டதும் இல்லை. நடந்ததைச் சொல்லி, ஒன்பதாம் அத்தியாயத்தின் கையெழுத்துப் பக்கங்கள் வேண்டும் என்றார்.

“அதை எடுத்துட்டுப் போவாதீங்க சார்” என்றாள்.

தன்னால் ஒரு அப்பாவி ஸ்டேஷனில் கிடக்கிறான், ஜெயிலுக்குப் போனாலும் பரவாயில்லை என்றார் அவர். அவள் பீரோவிலிருந்து காகிதக் கட்டை எடுத்து, பக்கத்தைத் தேடி அவர் முன்னால் வைத்தாள்.

அவருடைய கையெழுத்துதான். வலது பக்கம் சாய்ந்து ஓடுகிற எழுத்து. சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே டீ கிளாஸை நீட்டுகிறான். தொழிலாளி குடிக்கிறான். வாயில் நுரை தள்ளிச் சாய்கிறான். அவ்வளவுதான் அத்தியாயம். திருமலை முன்னும் பின்னும் புரட்டினார். டியூபும் இல்லை, பட்டனும் இல்லை, டிபன் பாக்ஸும் இல்லை.

இது பழைய பிரதியா என்று கேட்டார். வேறு பிரதி நீங்கள் தரவில்லையே என்றாள் தஸ்லிம். கம்ப்யூட்டரை அணைத்தாள். ஆதாருக்கு வந்தவரை நாளைக்கு வரச் சொன்னாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஷட்டர் சாவியைக் கையில் எடுத்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நாலு தடவை மனு எழுதிக் கொடுத்ததாகவும், ஒருவரும் படிக்கவில்லை என்றும், உங்கள் புத்தகம் என்றால் படிப்பார்கள் என்று தோன்றியதாகவும், பின்னால் விஷம் என்று வந்த இடத்தையெல்லாம் தானே பார்த்து மாற்றிவிட்டதாகவும் சாதாரணமாகச் சொன்னாள்.

“ஸ்டேஷனுக்குப் போலாம் வாங்க. உங்க ஆளு டீ குடிச்சுத்தான் செத்தான் சார். டியூப் கட்டின மெஷின்ல செத்தது எங்க வூட்டுக்காரரு.”