முஃப்லிஹாவுக்கு வரவேண்டிய கார்ட்

கற்பிட்டி,
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

மதிப்புக்குரிய மச்சான் ஸலாஹுதீன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் உங்கள் ராத்தா ரபியாவும் மகள் முஃப்லிஹாவும் அல்லாஹ்வின் கிருபையால் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். மனசுக்கு வந்த குறையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கட்டாரில் வெயில் எப்படி என்று கேட்கச் சொன்னா ரபியா, கேட்டுவிட்டேன். இதைப் போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். போனில் கதைத்ததால்தான் இவ்வளவும் வந்தது. ஆகவே எழுதி, நாளைக்கு அங்கு திரும்பும் ஜௌபரிடம் கொடுத்துவிடுகிறேன்.

உங்களுக்குத் தெரியும், முஃப்லிஹா புத்தளத்தில் வீட்டுப் பிளான் கீறப் படித்தவள். இப்போது சண்டை முடிந்து, பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் ஓடும் வெள்ளைக்காரர்கள் எங்கள் பக்கம் வரத் தொடங்கியிருப்பதால், மிஹ்லார் ஹாஜியார் தன்னுடைய தென்னந்தோட்டத்தில் அவர்கள் தங்கக் கபானா என்கிற குடில்கள் கட்டப் போகிறார். பிளான் கீறும் வேலையை மகளுக்குத் தந்தார். அவளுடைய முதல் வேலை. கீறியும் முடித்தாள். ஆனால் அவருக்குக் கோடு விளங்காதாம், கபானா எழும்பி நிற்கிற மாதிரிப் படமாகக் காட்ட வேண்டுமாம். அதற்கொரு புரோகிராம் இருக்கிறது. அதைத் திறந்தால் எங்கள் கம்ப்யூட்டர் கொஞ்சம் இரைந்துவிட்டுக் கறுத்துப் போகிறது. பெட்டிக்குள் ஒரு கிராபிக்ஸ் கார்ட் பூட்டினால் அந்தப் புரோகிராம் ஓடும் என்று அவளுக்குப் படிப்பித்த சேர் சொன்னார். புத்தளத்தில் கேட்டால் கொழும்புக்குப் போகச் சொன்னார்கள். கொழும்பில், இவ்வளவு பழைய பெட்டிக்கு ஏற்ற கார்ட் இப்போது வருவதில்லை என்று கைவிரித்தார்கள். அதன் பிறகுதான் உங்கள் ஞாபகம் வந்தது. நம்முடைய குடும்பத்தில் ஒரு விசயத்தைச் சொன்னவுடன் பிடித்துக்கொள்கிற ஆள் நீங்கள் ஒருவர்தான்.

போன மாசம் நான் கருவாட்டுக் கடையில் நின்று உங்களுக்குப் போன் எடுத்தேன். லைன் சரியில்லை. நான் கத்தினேன். "மச்சான், மகளுக்குக் கார்ட் அங்கருந்துதான் வரணும்! கார்ட் இல்லாம ஒண்டும் நடக்காது! பெருநாளைக்கு முன்னால வந்தாத்தான் சரி!" என்றேன். நீங்களும் "மாஷா அல்லாஹ், நல்லதாப் பாத்து அனுப்புறன், யோசிக்காதீங்க" என்றீர்கள். எனக்கு நிம்மதி. ஆனால் கடையில் கட்டாக்கருவாடு பொறுக்கிக்கொண்டு நின்ற எங்கள் பக்கத்து வீட்டு றஹ்மத் உம்மா கருவாட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனதை நான் கவனிக்கவில்லை.

நான் வீட்டுக்கு வருமுன் ஊருக்கே தெரிந்துவிட்டது, முஃப்லிஹாவுக்குக் கட்டார் மாப்பிள்ளை, கலியாணக் கார்டும் அங்கேயே அடித்து வருகிறது என்று. நடுவீட்டில் பெண்கள் நிறைந்து இருந்தார்கள். உடுப்பு என்ன நிறம், சாப்பாடு எல்லாரும் கூடியிருந்து தின்னும் சஹனிலா, தனித்தனிப் பிளேட்டிலா என்று கேள்வி. ரபியா இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லிக் களைத்து, கடைசியில் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, "இஞ்ச பாருங்க, உண்மையச் சொல்லுங்க, எனக்குத் தெரியாம நீங்களும் தம்பியும் சேர்ந்து மாப்பிள்ள பாத்திட்டீங்களா?" என்று கேட்டா. இல்லையென்றேன். "பாத்திருந்தாலும் பரவால்ல, பேரை மட்டும் சொல்லுங்க" என்றா. மச்சான், இவ்வளவு காலம் என்னோடு குடும்பம் நடத்தின மனுசி!

இதுவரைக்கும் சிரிப்புத்தான். அடுத்த நாள் மிஹ்லார் ஹாஜியார் வந்து கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, "செய்னுலாப்தீன் நானா, சந்தோசம். ஆனா பிள்ள கட்டாருக்குப் போயிருவா. வேல நடுவில நிண்டா நான் என்ன செய்ற? கொழும்பில ஒரு ஆளுக்கிட்டக் குடுக்கப் பாக்கிறன்" என்றார். நான் எவ்வளவு சொல்லியும், வெட்கத்தில் மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்பிவிட்டார். முஃப்லிஹா கம்ப்யூட்டர் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். ராச்சோறும் தின்னவில்லை. கைக்கு வந்த வேலை, என்ட வாயால போச்சு.

மூன்று கிழமை பொறுத்தும் ஊர்க்கதை அடங்காததால் இன்றைக்கு ஜும்ஆத் தொழுகை முடிந்து எல்லாரும் பள்ளி வாசலில் செருப்புத் தேடும் நேரம் பார்த்து நான் உரக்கச் சொன்னேன்: "எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்க. என்ட மகளுக்குக் கலியாணம் இல்ல! கட்டாரில மாப்பிள்ள இல்ல! எல்லாம் முடிஞ்சுது!" கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. அத்தாஉல்லா மௌலவி வந்து என் தோளில் கை வைத்து, "எல்லாம் ஹைருக்குத்தான், நன்மைக்குத்தான், பொறுமையா இருங்க" என்றார். மற்றவர்கள் வரிசையாக வந்து கையைப் பிடித்தார்கள். மையித்து வீட்டில் ஆறுதலுக்குப் பிடிக்கிற மாதிரி. வீட்டுக்கு வந்தால் றஹ்மத் உம்மா ஒரு சட்டி கஞ்சியோடு இருந்து, முகம் தெரியாத மாப்பிள்ளையின் குடும்பத்தை ஏசிக்கொண்டிருக்கிறா. "எங்கட பிள்ளைக்கு என்ன குறையாம்?" என்று கேட்டுக் கண்ணைத் துடைக்கிறா. ரபியாவும் சேர்ந்து அழுகிறா. இல்லாத மாப்பிள்ளை போனதுக்கு ஏன் அழுகிறாய் என்று கேட்டேன். "இவ்வளவு நல்ல சம்பந்தம்" என்றா.

அந்த நேரம் பார்த்து ஹாஜியாரும் வந்தார், கையில் ஒரு பெரிய பாரை மீன். "மகள், மனச விட்டுராதீங்க. வேல இருந்தாத்தான் கவல மறக்கும். ஒரு கபானா இல்ல, தோட்டத்தில வாற முழுக் கபானாவையும் நீங்களே கீறுங்க" என்றார். முஃப்லிஹா உங்கள் மருமகள்தானே, பொய்யில் வந்த வேலை வேண்டாமென்று நினைத்தாள் போல. நேராக நின்று, "ஹாஜியார், எனக்குக் கலியாணம் பேசவே இல்ல. அது கம்ப்யூட்டருக்குள்ள போடுற கார்ட்" என்றாள். அவர் அவளைப் பார்த்துத் தலையை மெதுவாக ஆட்டி, "ஓம் மகள். ஆக்கள் கேட்டா அப்படியே சொல்லுங்க" என்றார். இதற்கு மேல் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? கம்ப்யூட்டரின் துணியை எடுத்தாள்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிய, ஹாஜியாரோடு கபானாவுக்குக் காசு போடும் வெள்ளைக்காரப் பங்காளிகள் வருகிறார்களாம், அதற்குள் படம் வேண்டுமாம். நீங்கள் அனுப்பிய கார்ட் எங்கே நிற்கிறது என்று விசாரித்து வையுங்கள். பெட்டியைத் திறந்து எங்கே பூட்டுவது என்றுகூட அவள் இடம் பார்த்து வைத்திருக்கிறாள். உங்கள் உழைப்பிலும் உடம்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. உங்கள் வீட்டாருக்கு எங்கள் ஸலாமும், பிள்ளைகளுக்கு ராத்தாவின் முத்தங்களும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
செய்னுலாப்தீன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது கார்கோ வேன் வந்து உங்கள் பார்சலைத் தந்தது. கஞ்சிச் சட்டியை எடுக்க வந்த றஹ்மத் உம்மாவும் நிற்கத்தான் பெட்டியை வெட்டினோம். அடுக்கடுக்காகக் கலியாணக் கார்ட். பொன் எழுத்தில் என் பெயர், ரபியாவின் பெயர், "அருமை மகள் முஃப்லிஹா". மாப்பிள்ளையின் பெயர் வரும் இடத்தில் மட்டும் புள்ளி புள்ளியாக விட்டிருக்கிறீர்கள். றஹ்மத் உம்மா சட்டியை எடுக்காமலே ஓடிவிட்டா, மாப்பிள்ளை திரும்பி வந்துவிட்டார் என்று சொல்ல. ரபியா பொன் எழுத்தைத் தடவித் தடவிப் பார்க்கிறா. நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். முஃப்லிஹாதான் சிரிக்கத் தொடங்கினாள், மூச்சு முட்டுமட்டும் சிரித்தாள். பிறகு பேனையை எடுத்து, ஒரு கார்டில் அந்தப் புள்ளிகளின் மேல் அவளுக்குத் தேவையான கார்டின் பெயரையும் நம்பரையும் இங்கிலீசில் வடிவாக எழுதினாள். அதை இதனுடன் வைத்திருக்கிறேன். "மாமாட்டச் சொல்லுங்க வாப்பா, மாப்பிள்ள இவர்தான். வயசு போனவரா இருந்தாலும் பரவால்ல, எங்கட பழைய பெட்டிக்குள்ள இருக்கச் சம்மதிச்சாச் சரி" என்கிறாள்.